ஐஸ் ஓரக் கேள்விகள்: மார்லீஸின் முன்கள வீரர்களை எடைபோடுவது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மார்லீஸ் பற்றியே. ஐஸ் ஹொக்கியை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மேல்மட்டமான என்.எச்.எல். லீக்கில் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏ.எச்.எல். லீக்கில் ஆட்களைப் பழக்கி எடுக்க ஓர் அணி உண்டு. ரொறன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸுக்குக் கீழே இருப்பது ரொறன்ரோ மார்லீஸ். 2005இல் நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸிலிருந்து இங்கே வந்த அணி. எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கொக்கா-கோலா கொலிசியத்தில் ஆடுகிறது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

அண்ணா, மார்லீஸில் அதிக புள்ளி எடுத்தவரை விட்டுவிட்டு, அதில் பாதிகூட எடுக்காத ஒருவரை லீஃப்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். இது அரசியல்தானே?
— ஒரு வாசகர், ஸ்காபரோ

அரசியல் இல்லாத இடம் எது? ஆனால் நீங்கள் சொல்லும் விஷயத்தில் முக்கால்வாசி அரசியல் இல்லை, வேலைப் பங்கீடு.

ஜெரமி பிராக்கோவை உங்களுக்கு நினைவிருக்கும். 2018-19 பருவத்தில் மார்லீஸுக்காக 75 ஆட்டங்களில் 79 புள்ளிகள் எடுத்தார். 22 கோல், 57 அசிஸ்ற் (கோலுக்கு வழிசெய்து கொடுத்த பாஸ்). ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முழு லீக்கிலும் புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடம். பக் என்ற ரப்பர் வட்டு அவருடைய ஸ்டிக்கில் இருந்தால் எதிரணி டிஃபென்ஸ்காரருக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாது. பார்க்க அவ்வளவு வடிவான ஆட்டம். அப்படிப்பட்டவர் லீஃப்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வேறு எந்த என்.எச்.எல். அணிக்காகவும் ஆடவில்லை.

ஏன்? அவர் வலது விங், அதாவது வலப்பக்க முன்கள வீரர். பக்கை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வாய்ப்பு ஆக்கிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். அதே காலத்தில் லீஃப்ஸின் வலது விங்கில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: மிட்ச் மார்னர், வில்லியம் நீலாண்டர். அந்த வேலைக்கு ஆள் நிரம்பிவிட்டது. காலியாக இருந்தவை மூன்றாம், நான்காம் லைனில் (ஒன்றாக ஐஸில் இறங்கும் மூன்று முன்கள வீரர்தான் ஒரு லைன்). அங்கே வேண்டிய ஆள் வேறு. மூலைக்குள் போய் முட்ட வேண்டும், ஓடிக் களைத்த பிறகும் பக்கைத் துரத்த வேண்டும், தண்டனையால் நம் அணிக்கு ஆள் குறையும் பெனால்டி கில்லில் ஷொட்டுக்குக் குறுக்கே விழ வேண்டும். எதிரணிக்கு ஆள் குறையும் பவர் பிளேயில் மார்லீஸின் முதற்குழுவில் நின்று புள்ளி குவிப்பவருக்கு மேலே அதே இடம் கிடைக்காது. அந்த இடம் இல்லாமல் அவரிடம் என்ன மிஞ்சும் என்பதைத்தான் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் கொனர் பிரவுன். ஈரி ஒட்டர்ஸுக்காக ஆடி 2013-14இல் ஒன்ராறியோ ஜூனியர் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தவர். அடுத்த வருடம் மார்லீஸில் 61 புள்ளிகள், ஏ.எச்.எல்.இன் புதுமுகங்களில் அவரே முதல். இவ்வளவு புள்ளிக் கணக்கோடு மேலே போனவர் அங்கே நிலைத்தது எதனால்? பெனால்டி கில்லால். 2016-17இல் லீஃப்ஸுக்காக 20 கோல் போட்டார், உண்மைதான். ஆனால் கோல் வராத மாதங்களிலும் பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை.

2018இல் ஏ.எச்.எல்.இன் கோப்பையான கால்டர் கிண்ணத்தை வென்ற மார்லீஸ் அணியை எடுத்துப் பாருங்கள். ரெக்ஸஸ் ஸ்டார்ஸோடு ஏழாவது ஆட்டம் வரை போய், அதை 6-1 என்று முடித்தார்கள். அந்த அணியில் இருந்த ரெவர் மூரையும் மேசன் மார்ச்மெண்டையும், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ற்றில் எந்த அணியும் எடுக்கவில்லை. மூர் 2023-24இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்காக 31 கோல் போட்டார். மார்ச்மெண்ட் 2021-22இல் ஃப்ளோரிடாவுக்காக 54 ஆட்டங்களில் 47 புள்ளிகள் எடுத்து, பிறகு டலஸிடம் நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே 80 லட்சம் டொலர் ஒப்பந்தம் வாங்கினார். இருவரையும் லீஃப்ஸ் 2020 பெப்ரவரியில், ஒரே மாதத்தில், வேறு அணிகளுக்குக் கொடுத்தது. அந்தக் கதையை இங்கே நீட்டினால் ஆசிரியர் பக்கம் போதாது என்பார்.

ஏ.எச்.எல்.இல் 60 புள்ளி எடுத்தவர் மேலே போனால் எத்தனை எடுப்பார்? ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?
— மார்க்கம் வாசகர்

இருக்கிறது. லீக்குக்கு லீக் மாற்றிக் கணக்குப் பார்ப்பவர்கள் ஏ.எச்.எல். புள்ளியைப் பாதியைவிடச் சற்றுக் குறைவாக எடுக்கிறார்கள். 72 ஆட்டப் பருவத்தில் 60 புள்ளி எடுத்தவருக்கு 82 ஆட்டப் பருவத்தில் முப்பது சொச்சம் வரலாம். ஆனால் அது சராசரி. சராசரி ஒரு தனி ஆளைப் பற்றிச் சொல்வது குறைவு.

சூத்திரத்தைவிட அந்த 60 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்பது பிரயோசனம். கோல் போட்டவருக்குக் கடைசியாகப் பக்கைக் கொடுத்தது ஒருவர், அதற்கு முன் கொடுத்தது இன்னொருவர். இருவருக்கும் ஒரே மதிப்பில் அசிஸ்ற் எழுதுகிறார்கள். இரண்டாவது அசிஸ்ற் கனக்க இருந்தால் அடுத்த வருடம் அது காற்றோடு போய்விடக்கூடும். பவர் பிளே புள்ளிகளைக் கழித்து, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ஷொட் எண்ணிக்கை. ஒருவர் இருபது ஆட்டங்களில் பத்துக் கோல் போட்டிருக்கிறார், ஆனால் அடித்த ஷொட் நாற்பதுதான் என்றால், நாலுக்கு ஒன்று உள்ளே போகிறது. அது நிலைக்காது. அதே இருபது ஆட்டத்தில் நாலு கோல், எழுபது ஷொட் என்று இருப்பவரைத்தான் நான் கவனிப்பேன். ஆட்டத்துக்கு மூன்றரை முறை கோலை நோக்கி அடிக்கும் இடத்துக்குப் போகத் தெரிந்தவருக்கு இன்றில்லாவிட்டாலும் மார்ச்சில் கோல் வரும்.

ஒரு சங்கடம், ஏ.எச்.எல். வெளியிடும் ஆட்ட அறிக்கையில் யார் எத்தனை நிமிடம் ஐஸில் நின்றார் என்ற கணக்கு இருக்காது. என்.எச்.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குறை. மண்டபத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் அணி ஒரு கோலால் முன்னுக்கு நிற்கும்போது எந்த லைனை அனுப்புகிறார்கள் என்று நீங்களே பார்க்க வேண்டியதுதான்.

என் மகனுக்குப் பிடித்த மார்லீஸ் ஆட்டக்காரருக்கு 26 வயது. இனியும் லீஃப்ஸுக்குப் போவார் என்று அடித்துச் சொல்கிறான். நடக்குமா அண்ணா?
— ஒரு தாய், ஏஜக்ஸ்

மகனோடு சண்டை பிடிக்காதீர்கள், அவன் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. பொபி மக்மான் அல்பேர்ட்டாவின் வெயின்றைட் என்ற சிறு ஊர்க்காரர். ட்ராஃப்ற்றில் எவரும் எடுக்கவில்லை. பல்கலைக்கழக ஹொக்கி முடித்து மார்லீஸோடு ஏ.எச்.எல். ஒப்பந்தம் மட்டும் போட்டார். அதற்கும் ஒரு படி கீழே, ஈ.சி.எச்.எல். லீக்கில், கன்சஸின் விச்சிற்றாவில் போய் ஆடினார். 2021-22இல் மார்லீஸுக்காக 24 கோல். என்.எச்.எல்.இல் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 26. 2024-25இல் லீஃப்ஸுக்காக 20 கோல். அவருக்குக் கதவு திறந்தது வேகத்தால். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல உடம்பு, அதோடு அந்த ஓட்டம். இருபத்தாறில் வேகம் உள்ளவருக்கு மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வேகம் இல்லாதவருக்கு அந்த வயதில் அதைக் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

இன்னோர் உதாரணம் சாக் ஹைமன், ரொறன்ரோப் பெடியன். 2015-16இல் மார்லீஸில் ஆடும்போது 23 வயது. அந்த வருடம் அவரைப் பார்த்து எட்மன்ரனில் ஒரே பருவத்தில் 54 கோல் போடுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2023-24இல் போட்டார்.

இருந்தாலும் இவை விதிவிலக்குகள். ஓர் அணியின் முன்கள வீரர்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது பிறந்த வருடம். நீலாண்டர் 2015 ஜனவரியில் மார்லீஸுக்கு வந்தபோது வயது 18. அந்த மிச்சப் பருவத்தில் 37 ஆட்டம், 32 புள்ளி. முப்பது வயது ஆட்களோடு முட்டி மோதி 18 வயதுப் பிள்ளை எடுத்த 32 அது. இருபத்தேழு வயதுக்காரரின் 60 புள்ளியை அதன் பக்கத்தில் வைக்கவே நான் விடமாட்டேன்.

வயது கூடியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஏ.எச்.எல்.இல் கோல்காப்பாளர்கள் தவிர ஓர் ஆட்டத்துக்கு 18 பேர். அதில் 13 பேர் வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதின்மூவரில் 12 பேர், பருவம் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மற்ற ஒருவர் 320க்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஆகவே அனுபவஸ்தர்களுக்கு இடம் ஐந்துதான். டிஃபென்ஸ்காரரும் அந்த ஐந்துக்குள்ளேயே வர வேண்டும். சிலவேளை நன்றாக ஆடும் மூத்தவர் மேலே, பார்வையாளர் பகுதியில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காயமா என்று கேட்பீர்கள். காயம் இல்லை, இந்த விதி.

பிளஸ்-மைனஸ் பார்ப்பீர்களா?
— பெயர் எழுதாத வாசகர்

ஒருவர் ஐஸில் நிற்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் (பவர் பிளே கோல் நீங்கலாக) உள்ள வித்தியாசம்தான் அது. பார்ப்பேன், நம்ப மாட்டேன். பின்னால் நல்ல கோல்காப்பாளர் நின்றால் சோம்பேறிக்கும் பிளஸ் வரும். ஒரே அணியில், ஒரே லைனில் ஆடும் மூவரில் ஒருவருக்கு மட்டும் பெரிய மைனஸ் என்றால் ஏனென்று தேடிப் பார்ப்பேன். அவ்வளவே.

முதலாம் சுற்றில் எடுத்தவர், ஏழாம் சுற்றில் எடுத்தவர் என்று பேதம் பார்க்கிறார்களே. மார்லீஸுக்கு வந்த பிறகு அதில் அர்த்தம் இருக்கிறதா?
— மிசிசாகா வாசகர்

கொஞ்சக் காலத்துக்கு இருக்கிறது. முதலாம் சுற்றுக்காரருக்கு இன்னொரு வருடம், இன்னொரு வாய்ப்பு என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எடுத்தவர்களுக்கு அதில் மானம் இருக்கிறது. ஏழாம் சுற்றுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

2013 ட்ராஃப்ற்றில் லீஃப்ஸ் 21ஆவதாக ஃப்ரெடெரிக் கோத்தியேயை எடுத்தது, ஆறடி ஐந்து அங்குல சென்ரர், அதாவது நடு முன்கள வீரர். அதே ட்ராஃப்ற்றில் 202ஆவதாக சுவீடனின் அன்ட்ரேயஸ் ஜோன்சன். ஐந்து வருடம் கழித்து 2018 கால்டர் கிண்ணத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஜோன்சன்தான். லீஃப்ஸ் பொஸ்ரனோடு தோற்று வெளியேறிய பிறகு கீழே வந்து, 16 ஆட்டங்களில் 24 புள்ளி எடுத்தார். அடுத்த பருவம் லீஃப்ஸுக்காக 20 கோல். கோத்தியே கெட்ட ஆட்டக்காரர் இல்லை. நான்காவது லைனில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். ஆனால் எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பது பதினெட்டு வயதில் ஒருவரைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த எதிர்பார்ப்பு மட்டுமே. இருபத்திரண்டில் அவரை ஐஸில் பார்க்க முடியும்போது பழைய எதிர்பார்ப்பை ஏன் பார்க்க வேண்டும்?

கொலிசியத்துக்குப் போகிறேன், பக் எங்கே போகிறதென்று பார்ப்பதற்குள் கோல் விழுந்துவிடுகிறது. ஒரு முன்கள வீரரை எடைபோட எதைப் பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

பக்கைப் பார்க்காதீர்கள். சும்மா சொல்லவில்லை. ஒரு விங்கரைத் தெரிவுசெய்து, அவர் ஐஸில் நிற்கும் முக்கால் நிமிடமும் அவரை மட்டும் பாருங்கள். மாறிப் போனதும் அடுத்த முறை வரும்வரை தேநீர் குடியுங்கள்.

நான் குறிப்பாகக் காத்திருப்பது ஒரேயொரு கணத்துக்கு. மார்லீஸின் சொந்த எல்லையில் டிஃபென்ஸ்காரர் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கைச் சுவரோரமாக விங்கருக்கு அனுப்புவார். விங்கர் சுவரோடு ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரணி டிஃபென்ஸ்காரர் நீலக்கோட்டிலிருந்து அவர்மேல் பாய்ந்து வருகிறார். பக் வந்து சேர ஒன்றரை நொடி இருக்கும். அந்த ஒன்றரை நொடியில் அவர் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்த்தாரா? இதுதான் என் கேள்வி.

பார்த்தவர், பக் ஸ்டிக்கில் படும்போதே முடிவெடுத்து வைத்திருப்பார். இடம் இருந்தால் நடுவில் வரும் சென்ரருக்கு ஒரு தட்டு. இடம் இல்லையென்றால் கண்ணாடியில் அடித்து வெளியே. அதற்கும் நேரமில்லையென்றால் பக்கைக் காலுக்கும் சுவருக்கும் இடையில் பூட்டி, உடம்பால் இடியை வாங்கி, துணைக்கு ஆள் வரும்வரை பிடித்து வைத்திருப்பார். பார்க்காதவர் பக் வந்த பிறகு யோசிப்பார். அதற்குள் இடி விழும், பக் எதிரணியிடம் போகும், பத்து நொடியில் உங்கள் கோல்காப்பாளர் வலைக்குள்ளிருந்து பக்கை எடுத்துக் கொடுப்பார். இந்தப் பிழை ஆட்ட அறிக்கையில் எங்கேயும் வராது. ஆனால் பயிற்சியாளரின் வீடியோவில் வரும், மூன்று கோணத்தில் வரும்.

மேலே போகிறவரையும் கீழேயே நிற்கிறவரையும் பிரிப்பது இந்தச் சுவரோர வேலை என்பது என் அபிப்பிராயம். கோல் போடும் திறமை எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறது. இல்லாவிட்டால் மார்லீஸ்வரை வந்தே இருக்க மாட்டார்கள். அலெக்ஸ் ஸ்டீவ்ஸ் 2024-25இல் மார்லீஸுக்காக 36 கோல் போட்டவர். அவ்வளவு போட்டும் லீஃப்ஸில் நிலையான இடம் கிடைக்காமல் அடுத்த கோடையில் பொஸ்ரனோடு ஒப்பந்தம் போட்டார். கோல் அடிக்கத் தெரியாது என்று அவரைப் பற்றி ஒருவரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் பாருங்கள், இது இலகு. தாக்கப் போன பக் பறிபோனதும் விங்கர் திரும்பி வரும்போது முதல் மூன்று அடி எப்படி வைக்கிறார்? ஓடுகிறாரா, வளைந்து வழுக்கி வருகிறாரா? வழுக்கி வருகிறவர் முப்பது கோல் போட்டாலும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நன்றாக ஆடுகிறவரை உடனே மேலே எடுத்துவிட வேண்டியதுதானே? இரண்டு மைதானமும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன?
— பிரம்ரன் வாசகர்

தூரம் உண்மையிலேயே வசதிதான். கொலிசியத்திலிருந்து ஸ்கோஷியாபாங்க் அரீனா சில கிலோமீற்றர். மத்தியானம் அழைப்பு வந்தால் இரவு ஆட்டத்துக்கு உடுப்பு மாற்றலாம்.

தடை காகிதத்தில் இருக்கிறது. ஏ.எச்.எல். ஒப்பந்தம் மட்டும் உள்ளவரை லீஃப்ஸ் நினைத்தாலும் ஆடவிட முடியாது, முதலில் என்.எச்.எல். ஒப்பந்தம் போட வேண்டும். மக்மானுக்கும் அப்படித்தான் நடந்தது. என்.எச்.எல். ஒப்பந்தம் உள்ளவர்களிலும் ஒப்பந்தம் போட்ட பிறகு குறிப்பிட்ட வருடங்களோ ஆட்ட எண்ணிக்கையோ தாண்டியவர்களை மேலிருந்து கீழே அனுப்புவதென்றால் வேவர்ஸ் என்ற பட்டியலில் போட வேண்டும். மற்ற 31 அணிகளில் எதுவும் சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பயம் இல்லாத இளையவர்களைத்தான் மேலும் கீழுமாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே நவம்பரில் ஒருவர் மூன்று தரம் ஏறி இறங்கினால், அவரைப் பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அவரை அனுப்பச் செலவில்லை, அவ்வளவுதான்.

ஆட்களை ஒழுங்காகப் பார்க்க ஓர் ஆட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது?
— விட்பி வாசகர்

அட்டவணையில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் ஆட்டம் உள்ள வாரத்தைத் தேடுங்கள். ஏ.எச்.எல்.இல் இது வழமை. ரசிகர்கள் வருவது வார இறுதியில்தான், ஆகவே ஆட்டங்களையும் அங்கேயே அடுக்குகிறார்கள். வெள்ளி றொச்செஸ்ரர், சனி பெல்வில் என்று பஸ்ஸில் போய் வந்து, ஞாயிறு பின்னேரம் இங்கே ஆடும் ஆட்டம் இருந்தால் அதற்கு ரிக்கெற் எடுங்கள். வெள்ளி இரவு எல்லாருமே கெட்டிக்காரர்கள். ஞாயிறு மூன்றாம் பகுதியில் கால் கனக்கும்போது சுவரோரத்தில் யார் இன்னும் தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரியும். இருக்கையை மூலைப்பக்கம், கொஞ்சம் உயரத்தில் எடுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், ஆனால் எதிர்மூலையில் நடப்பது ஒன்றும் விளங்காது. லேக்ஷோர் கோ ரயிலில் எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கார் நிறுத்தும் காசில் இன்னொரு ரிக்கெற் வாங்கலாம்.